முன் அனுபவம்: இல்லை

1

நான் அந்தமானில் கப்பலிலிருந்து இறங்கி இந்த வாரத்தோடு இருபத்தெட்டு வருடம் ஆகிறது. ஒவ்வொரு ஜனவரியிலும் அதைச் சாக்காக வைத்து இந்தப் பக்கங்களை நிரப்பிவிடுவேன். மூன்று நாள் பயணம், அடித்தட்டுப் பங்க் கிளாஸ் வாடை, இறங்கிய பிறகும் காலுக்கடியில் ஆடிக்கொண்டிருந்த தரை, மாமா துறைமுக ஜெட்டிக்கு வராமல் ஆள் அனுப்பிய கதை எல்லாம் ஒன்றுக்கு இரண்டு தடவை எழுதியாகிவிட்டது. ஊரிலிருந்து படிக்கிற உங்களுக்கும் அலுத்திருக்கும். பத்திரிகை நடத்துகிற நண்பர் தாட்சண்யத்துக்காகப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

இந்தத் தடவை கப்பல் இல்லை. என் வலது கை ஆட்காட்டி விரலில் ஒரு பிளாஸ்திரி இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும். இது நானாக எடுத்த முடிவு இல்லை, என் மகள் ஸ்வாதி போட்ட நிபந்தனை. சனிக்கிழமைக்குள் எழுதி முடிக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அவள் என்னோடு ஒரே மணலில் நிற்கமாட்டாள். இன்று வியாழன். இரண்டு நாளாக உட்கார்ந்து இந்த இரண்டு பத்திதான் தேறியிருக்கிறது.

2

ஸ்வாதி எங்கள் ஒரே பெண். பதினேழு வயது, பன்னிரண்டாம் வகுப்பு. நான் தமிழில் கேட்பேன், அவள் ஹிந்தியில் பதில் சொல்வாள், அவளுடைய அம்மா மல்லிகா இரண்டு மொழியிலும் எங்கள் இருவரையும் திட்டுவாள். ஸ்வாதிக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. சின்ன வயதில் அரிச்சுவடி வாங்கிவந்து உட்காரவைத்தேன். உயிரெழுத்தைத் தாண்டவில்லை. அதைச் சொல்லி இந்தப் பக்கங்களிலேயே பல தடவை மூக்கைச் சிந்தியிருக்கிறேன். உண்மையில் அது எனக்கு வசதியாகவும் இருந்தது. நான் எதை எழுதுகிறேன், எதை எழுதாமல் விடுகிறேன் என்று அவளுக்குத் தெரியப்போவதில்லை.

மல்லிகா படிப்பாள். இந்தத் தீவுகளிலேயே, ஹட் பேயில் பிறந்தவள் அவள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டு, இங்கே எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். இப்போது ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். நான் எழுதுவதைத் தபாலில் சேர்க்கும் முன் ஒரு தடவை வாசித்து ஒற்றுப்பிழை திருத்திக் கொடுப்பது அவள்தான்.

டிசம்பரில் ஒரு நாள் ஸ்வாதி என் அறை வாசலில் வந்து நின்று, "அப்பா, நீ வரியா?" என்று கேட்டாள். தமிழில் கேட்டாள். எங்கே, எதற்கு என்று தெரியாமலே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் பட்டம் என்றாள்.

சாகசப் பட்டம். பாம்பூஃப்ளாட் பக்கம் ஒரு கடற்கரையில் சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றிக்கொண்டு போகிற தபன் என்ற பெங்காலிக்காரரிடம் அப்படி இரண்டு இருந்தன. யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் கொடுத்துவிட்டுப் போனது. ஜனவரிக் கடைசியில் நடக்கிற சுற்றுலா விழாவில் அவற்றை ஜோடியாகப் பறக்கவிட ஸ்வாதியும் அவளுடைய வகுப்புத் தோழியும் ஒரு வருடமாகப் பழகியிருந்தார்கள். தோழி கோச்சிங்குக்காக மெயின்லேண்ட் போய்விட்டாள். ஜூனில் ஸ்வாதியும் படிக்கப் போய்விடுவாள். இந்த விழாதான் அவளுக்குக் கடைசி. அம்மாவைக் கேட்டிருக்கிறாள், டியூட்டி. மாடி வீட்டுத் தெலுங்கு அக்காவைக் கேட்டிருக்கிறாள், அவர் சிரித்திருக்கிறார். நான் மூன்றாவது ஆள்.

"எனக்குப் பட்டம் விடத் தெரியாதேம்மா" என்றேன்.

"யாருக்குத் தெரியும்? சீக்னா ஹை, பஸ்" என்றாள். கற்றுக்கொண்டால் போயிற்று என்று அர்த்தம்.

சமையலறையிலிருந்து மல்லிகா என்னைப் பார்த்தாள். ஸ்வாதிக்கு ஏழு வயதிருக்கும்போது கோயில் திருவிழாவில் அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் பட்டம் வாங்கிக்கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் நான் அதை ஒடித்துக் குப்பையில் போட்டேன். குழந்தை அழுதது. கரண்ட் கம்பியில் மாட்டும், ஆபத்து என்று சமாளித்தேன். பத்து வருடமாகியும் மல்லிகா அதை மறக்கவில்லை என்று அந்தப் பார்வையில் தெரிந்தது.

3

இந்தத் தீவில் ஒரு படிவம் இல்லாமல் எதுவும் காற்றில் ஏறாது. விழாவில் கலந்துகொள்ள ஆங்கிலத்திலும் ஹிந்தியிலுமாக நான்கு பக்கம். தீவுவாசி என்பதற்கான ஐலேண்டர் கார்டு நகல் இரண்டு, புகைப்படம் மூன்று, பதினெட்டு வயது நிரம்பாத பெண் என்பதால் பாதுகாவலரின் சம்மதக் கடிதம். பாதுகாவலரும் நானே, பங்கேற்பாளரும் நானே என்றால் யார் யாருக்குச் சம்மதம் தருவது என்று கவுண்டரில் ஒரு மணி நேரம் பேசினார்கள். நான் அரசு ஸ்டோரில் கீப்பராக இருக்கிறவன். படிவம் நிரப்புவது எனக்குத் தண்ணீர் குடிப்பது மாதிரி. ஒன்பதாவது கட்டம் வரைக்கும் வேகமாகப் போனேன்.

ஒன்பதாவது கட்டம்: பட்டம் விடுவதில் முன் அனுபவம்.

பேனாவை வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். ஸ்வாதி பக்கத்தில்தான் நின்றாள். எனக்குப் பின்னால் வரிசையில் ஆட்கள் இருந்தார்கள். 'இல்லை' என்று பெரிய எழுத்தில் எழுதி, தவறான தகவலுக்கு நானே பொறுப்பு என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

4

வடசென்னையில் யாரும் பட்டம் என்று சொல்லமாட்டார்கள். காத்தாடி. எங்கள் தெருவில் காத்தாடி விடாத பையன் கிடையாது. அதில் என் கைக்குத் தனிப் பேர் இருந்தது. டியூப் லைட்டை இடித்து வேட்டித் துணியில் சலித்து, வஜ்ரப் பசை காய்ச்சி, கலர்ப்பொடி போட்டு, இரண்டு கம்பத்துக்கு நடுவில் நூலைக் கட்டி நானே மாஞ்சா தேய்ப்பேன். என் நூலோடு உரசினால் அந்தக் காத்தாடி போனதென்றே எடுத்துக்கொள்வார்கள். இதையெல்லாம் மல்லிகாவிடம்கூட நான் சொன்னதில்லை.

ஆக, நாற்பத்தெட்டு வயதில் தபனுக்கு முன்னால் ஒன்றும் தெரியாதவனாக நின்றேன். பாதி நடிப்பு, பாதி நிஜம். ஏனென்றால் இந்தப் பட்டம் வேறு ஜாதி. விரித்த கைகளைவிட அகலமான முக்கோணம், கார்பன் குச்சிகள், வால் கிடையாது. ஒரு நூல் இல்லை, இரண்டு. ஒவ்வொரு நூலின் முனையிலும் ஒரு பட்டை. அதைக் கைகளில் மாட்டிக்கொண்டு ஓரடி பின்னால் வைத்து இழுத்தால் எழும்பும். வலது கையை இழுத்தால் வலப்பக்கம் பாயும், இடதை இழுத்தால் இடம். நான் இழுத்தேன். எழும்பியது. எழும்பிய வேகத்தில் திரும்பி மூக்கு குப்புற மணலில் குத்தியது. முதல் நாள் பதினோரு தடவை குத்தியது. பன்னிரண்டாவது தடவை ஒரு குச்சி ஒடிந்தது.

தபன் பொறுமைசாலி. பட்டம் தலைகீழாகப் பாயும்போது இழுக்கக்கூடாது, அதை நோக்கி முன்னால் நடக்க வேண்டும் என்பார். இழுத்தால் வேகம் கூடும், நடந்தால் நூல் தொய்ந்து வேகம் செத்துவிடும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பட்டம் விழுகிறது என்று கண் சொன்னதும் என் கால் தானாகப் பின்னால் போகும், கை தானாக இழுக்கும். எனக்குத் தெரிந்ததெல்லாம் இறுக்கிப் பிடிப்பது. இங்கே வித்தை முழுக்கத் தொய்வில்தான் இருந்தது. ஆகாயத்தில் பட்டத்தை ஒரு கணம் அசையாமல் நிறுத்தி, ஒரு கையால் லேசாகத் தட்டி, அதே நொடியில் இரண்டு கைகளையும் முன்னால் கொடுத்தால் அது வயிற்றைக் காட்டி, படுத்தபடியே ஒரு சுற்றுச் சுற்றி எழும்பும். ஸ்வாதி அதைப் பேசிக்கொண்டே செய்வாள். எனக்கு மூன்று வாரமாயிற்று.

அதைவிடக் கஷ்டம் ஜோடி. அவள் பட்டமும் என் பட்டமும் குறுக்கே பறக்கும்போது நூலோடு நூல் பின்னிக்கொள்ளும். அதற்குப் பயப்படக்கூடாது. வழுவழுப்பான நூல், ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போகும். போன வழியே திரும்பி வந்தால் பின்னல் தானாகப் பிரிந்துவிடும். ஒவ்வொரு தடவை அவள் நூல் என் நூலைத் தொட்டபோதும் எனக்கு முதுகு வியர்த்தது. தொட்ட நூலைத் தொட்டபடி விடுவது என் கைக்குப் பழக்கமில்லை.

விரல்தான் காட்டிக்கொடுத்தது. பட்டையை மட்டும் பிடிக்க வேண்டிய கையில், ஆட்காட்டி விரல் என்னை அறியாமல் நீண்டு நூலுக்கு மேல் வளைந்து உட்காரும். மாஞ்சாக்காரன் பிடி. தபன் இரண்டு தடவை விரலை எடுக்கச் சொன்னார். மூன்றாவது தடவை விரலையே பிடித்துப் பார்த்தார். முதல் கணுவுக்கு மேல் குறுக்கே ஒரு பழைய வடு. "தாதா, யே ஹாத் நயா நஹீ ஹை" என்றார். இது புதுக் கை இல்லையே அண்ணா என்கிறார். நான் சிரித்துவைத்தேன்.

அன்றைக்கு ஃபெர்ரியில் ஸ்வாதியும் அந்த வடுவைப் பற்றிக் கேட்டாள். டின் மூடி கிழித்தது என்றேன். எந்த டின் என்றாள். பால் பவுடர் டின் என்றேன். இவ்வளவு விவரம் கேட்டு அவள் என்னோடு பேசி நாளாயிற்று. அதனால் அந்தப் பொய் சொல்லும்போது சந்தோஷமாகவும் இருந்தது, அதுதான் கேவலம்.

5

போன ஞாயிறு. கடைசிக்கு முந்தைய பயிற்சி. கடற்கரையின் பெயரைச் சொல்லப்போவதில்லை, தபனுக்குச் சங்கடம். காற்று கடலிலிருந்து கரைக்கு அடித்தது. நாங்கள் தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்றோம். பட்டங்கள் எங்களுக்கு முன்னால் மணலுக்கு மேல். மணலுக்கு அப்பால் நாலைந்து தென்னை, அப்புறம் ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் தாழம்புதர்.

சாயங்காலம் கடல் ஏறிக்கொண்டிருந்தது. மணல் குறையக் குறைய நாங்கள் ரோட்டுப் பக்கம் நகர்ந்துகொண்டே வந்தோம். தபன் இத்தோடு போதும் என்றார். நான்தான் இன்னும் ஒரு தடவை என்றேன். அந்தச் சுற்றை அன்று இரண்டு தடவை பிசகாமல் செய்திருந்தேன், ஸ்வாதி கைதட்டியிருந்தாள். இன்னும் ஒரு கைதட்டு வேண்டியிருந்தது.

குறுக்கே பாய்ந்தோம். அவள் நூல் என் நூல்மேல் விழுந்தது. நான் அப்படியே விட்டிருக்க வேண்டும். காற்று திடீரென்று பலத்து, நூல் விரலை அழுத்தியது. அவ்வளவுதான். முழங்கை பின்னால் போயிற்று, வந்தது, மறுபடி போயிற்று. ரம்பம் இழுக்கிற மாதிரி மூன்று இழுப்பு. நூல் தீய்ந்த வாடை வந்தது. ஸ்வாதியின் இடது நூல் அறுந்தது.

"அறுத்தேன்டா!" என்று கத்தினேன்.

என் தொண்டையிலிருந்துதான் வந்தது. இருபது வயதுக் குரல். அந்த ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஒற்றை நூலில் ஸ்வாதியின் பட்டம் கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டு ரோட்டைத் தாண்டித் தாழம்புதரில் விழுந்து மாட்டியது. அவளுடைய வலது கைப் பட்டையிலிருந்து அந்த நூல் மணலுக்கு மேலே, ரோட்டுக்குக் குறுக்கே, புதர் வரைக்கும் நீண்டு நின்றது. வளைவிலிருந்து ஒரு ஸ்கூட்டர் வந்தது. ஒரு பெண் ஓட்டிவந்தாள். முன்னால் நாலு வயதுக் குழந்தை ஹேண்டிலைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தது.

ஸ்வாதி ரோட்டைப் பார்க்கவில்லை. பட்டம் சிக்கிவிட்டதே என்று நூலைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றி, பின்னால் சாய்ந்து இழுத்தாள். தொய்ந்திருந்த நூல் விறைத்து மேலே எழும்பியது. குழந்தையின் கழுத்து உயரத்துக்கு.

"விடு!" என்று கத்தினேன். அவள் திரும்பிப் பார்த்தாளே தவிர விடவில்லை. என் பட்டைகளை உதறிவிட்டு ஓடி, அவளை மணலில் தள்ளி, கையிலிருந்து பட்டையைப் பிய்த்து எறிந்தேன். ரோட்டைப் பார்த்து "குனிம்மா, குனி!" என்று கத்தினேன். தமிழில் கத்தினால் அந்தப் பெண்ணுக்கு என்ன புரியும். தபன் ஹிந்தியில் நிறுத்தச் சொல்லிக் கத்தினார். நூல் சரிந்து ரோட்டில் படுத்தது. ஸ்கூட்டர் அதன்மேல் ஏறி நின்றது.

ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெண் இறங்கி, ஸ்டாண்டில் மாட்டிய நூலைப் பிரித்துத் தபனிடம் கொடுத்து, ரோட்டோரத்தில் இந்த விளையாட்டு எதற்கு என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள். குழந்தை எங்களுக்குக் கைகாட்டியது. நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். விரலில் பழைய வடுவின் மேலேயே நூல் அறுத்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. ஸ்வாதி எழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

6

பாம்பூஃப்ளாட்டிலிருந்து சாத்தம் வரைக்கும் ஃபெர்ரி கால் மணி நேரம்கூட ஆகாது. மற்ற நாட்களில் அவள் போனில் இருப்பாள். அன்று போனை எடுக்கவில்லை.

முதலில் ஹிந்தியில் கேட்டாள். ஏன் அறுத்தாய், ஏன் தள்ளினாய், யாரைப் பார்த்து 'டா' என்றாய். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தமிழுக்கு வந்தாள்.

"அப்பா, நீ சொன்ன டின் மூடி பொய்தானே?"

ஆமாம் என்றேன்.

அவளிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். வடசென்னையில் ஒரு தெரு. ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் மொட்டைமாடியில். எதிர்த்த காத்தாடியை அறுத்துவிட்டு, அறுந்து விழுகிறதை என் நூலாலேயே கோத்து இழுத்துவிடலாம் என்று என் காத்தாடியைக் கீழே இறக்கினேன். அப்படிப் பிடிப்பதில்தான் பெருமை. என் நூல் மெயின் ரோட்டுக்கு மேல் தாழ்ந்தது. விரலில் ஒரு இழுப்பு வந்தது. மாட்டிக்கொண்டது என்று நினைத்துப் பலங்கொண்ட மட்டும் நானும் இழுத்தேன். விரலை நூல் அறுத்தது. அந்த வலியில்தான் கீழே பார்த்தேன். ஒருவர் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கிடந்தார். இரண்டு கைகளாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். சட்டை முன்பக்கம் நனைந்துகொண்டு வந்தது.

ஆட்கள் கூடினார்கள், ஒரு ஆட்டோவில் ஏற்றினார்கள். மேலே பார்த்தார்கள். நான் சுவருக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். நூலை அறுத்துவிட்டேன், நூல் சுற்றுகிற லொட்டாயைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டேன். அம்மா விரலில் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டாள். டின் மூடி என்று முதலில் சொன்னது அவளிடம்தான். மாமா ரொம்ப நாளாக அந்தமானில் கட்டட சைட் பார்க்க ஆள் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாவது வாரம் கப்பலில் இருந்தேன். குடும்ப நிலைமைக்காகக் கடல் கடந்தவன் என்று இந்தப் பக்கங்களில் நான் எழுதியதெல்லாம் அதற்கப்புறம் கட்டிய கதை.

ஃபெர்ரி சாத்தத்தில் முட்டியது. எல்லோரும் இறங்கினார்கள். நாங்கள் ஜெட்டியிலேயே நின்றோம். வீட்டுக்குப் போகும் கராச்சர்மா பஸ் ஒன்று போயிற்று, இன்னொன்றும் போயிற்று.

"அந்த ஆளு இருக்காரா?" என்று கேட்டாள்.

"தெர்லம்மா."

"அட்டாயீஸ் சால்" என்றாள். இருபத்தெட்டு வருடம். "ஒருதடவகூட கேக்கலயா?"

"கேக்கல."

"ஏன்?"

"கேட்டா பதில் வந்துடும்."

அவள் கொஞ்ச நேரம் தன் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பட்டை இருந்த இடம் சிவந்திருந்தது. "இன்னைக்கி நீ தள்ளலன்னா நானும் இழுத்திருப்பேன்ல" என்றாள். மூன்றாவது பஸ்ஸில் ஏறினோம். அவள் எனக்கு முன் சீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்தாள்.

இரண்டு நாள் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மேஜையில், அம்மா இல்லாத நேரம் பார்த்துச் சொன்னாள். "மெட்ராஸுக்கு எழுதி அனுப்புறல்ல, அதுல இத எழுது. அம்மாவ படிச்சுக் காட்டச் சொல்லி நான் கேப்பேன். அப்பதான் சண்டே உன்கூட நிப்பேன்."

அம்மாவுக்குத் தெரியாதே என்றேன்.

"அதான் சொல்றேன்" என்றாள்.

7

வெள்ளிக்கிழமை விழா கவுண்டருக்குப் போய் ஒன்பதாவது கட்டத்தைத் திருத்த வேண்டும் என்றேன். கொடுத்த படிவத்தில் அடித்தல் திருத்தல் கூடாதாம். புதுப் படிவம், மறுபடி மூன்று புகைப்படம். அனுபவம் இருப்பது நல்லதுதானே சார், இதை ஏன் மறைத்தீர்கள் என்று அந்தப் பையன் மரியாதையாகத்தான் கேட்டான். 'உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

இன்று சனிக்கிழமை, சாயங்காலம். மேலே உள்ள பக்கங்களை மல்லிகாவிடம் கொடுத்தேன். வழக்கம்போல ஒற்றுப்பிழை பார்க்க என்று நினைத்துச் சிவப்புப் பேனாவை எடுத்தாள். சத்தமாகப் படி என்று ஸ்வாதி சொன்னாள். இரண்டாவது பகுதி வரைக்கும் சிரித்துக்கொண்டே படித்தாள். நாலாவதில் நிதானமானாள். ஆறாவதில் "பலங்கொண்ட மட்டும்" என்ற இடத்தில் நிறுத்தினாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். குழாயை மூடிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். கல்யாணமான இருபது வருடத்தில் அவளிடம் இவ்வளவு பயந்து நான் உட்கார்ந்திருந்ததில்லை. திரும்பி வந்து, விட்ட வார்த்தையிலிருந்து கடைசி வரை படித்து முடித்தாள்.

பேனாவைத் திறக்கவே இல்லை. பக்கங்களை மேஜைமேல் வைத்து ஓரத்தைச் சரிசெய்தாள்.

"எல்லாம் எழுதியிருக்கீங்க" என்றாள். "எந்த ரோடுன்னு எழுதல. உங்க பேரும் இல்ல. அந்தாளு வூட்டு ஆளுங்க யாரும் படிச்சா, இது நம்மாளுதான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. வேண்டுமென்றே விடவில்லை. கை தானாக விட்டிருக்கிறது. இத்தனை வருடமாக இந்தப் பக்கங்களுக்குக் கீழே 'தீவுக்காரன்' என்று புனைபெயர் போட்டுவருவதும் அந்தக் கைதான்.

போலீஸ் வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். வந்தால் பார்த்துக்கலாம் என்றாள் மல்லிகா, என் முகத்தைப் பார்க்காமல். ஸ்வாதி அறுந்த நூலைக் கொண்டுவந்து மேஜையில் போட்டு, இரண்டு நூலையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி, நீளம் சரிபார்த்து முடிச்சுப் போட ஆரம்பித்தாள். "காலைல ஏழு மணி ஃபெர்ரி. லேட் பண்ணாத. ஸ்கூட்டர் வராத எடமா பாத்து ப்ராக்டிஸ் வைக்கச் சொல்லி தபன்கிட்ட சொல்லியிருக்கேன்" என்றாள். தமிழில்தான் சொன்னாள்.

மீதியை இங்கே எழுதுகிறேன்.

புளியந்தோப்பு நெடுஞ்சாலை. மார்க்கெட்டிலிருந்து வரும் சந்து வந்து சேரும் இடம். இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால், பொங்கல் கழிந்த ஞாயிறு, சாயங்காலம் நாலு, நாலரை மணி. சாம்பல் நிற ஸ்கூட்டர். வெள்ளைச் சட்டை. முன்னால் கொக்கியில் மஞ்சள் பை, அதிலிருந்து இரண்டு துண்டுக் கரும்பு நீட்டிக்கொண்டிருந்தது. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் மூன்று மாடி வீடு, தண்ணீர்த் தொட்டிக்கு நீலப் பெயின்ட் அடித்திருக்கும். அந்த மொட்டைமாடியில் நூலைப் பிடித்திருந்தவன் நான். உங்கள் பக்கமிருந்து இழுப்பு வந்தபோது திருப்பி இழுத்தவனும் நான்தான்.

நீங்கள் இருக்கிறீர்களா?

த. குணசேகரன்
கராச்சர்மா